"என்று நினைத்தாள்" இல்லாமல் நினைப்பை எழுதுவது: கதை எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கதை எழுதுகிறவர்களின் பக்கங்களில் "என்று நினைத்தான்", "என்று எண்ணினாள்", "என்று அவனுக்குத் தோன்றியது" என்ற முடிவுகள் வரிக்கு வரி வரும். தப்பில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் ஆறேழு முறை வந்தால், பாத்திரத்தின் மனத்தில் ஓடுவதை வாசகர் நேராகக் கேட்பது நின்றுபோய், ஆசிரியர் எடுத்துச் சொல்லக் கேட்பதாகிவிடும். இதற்கு மாற்றுதான் கட்டற்ற அயற்கூற்று. பாத்திரத்தின் நினைப்பைப் படர்க்கையிலேயே வைத்து, மேற்கோள் குறியையும் "என்று"வையும் எடுத்துவிட்டு, அவருடைய சொல், சந்தேகம், கோபம் எதுவும் கெடாமல் கதைசொல்லியின் வாக்கியமாகவே எழுதுவது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நாவல்கள் இதை விரிவாகக் கையாண்டன. ஜெனிவா மொழியியலாளர் சார்ல் பல்லி 1912-இல் இதற்குப் பெயர் வைத்தார். விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு சீக்கிரம் புரியும்.

அணைக்கட்டு வட்டம் இலவம்பாடிப் பக்கம் விளையும் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காயை இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வேலூர் மண்டிக்கு வந்திருக்கிறாள் பச்சையம்மா என்று வைத்துக்கொள்வோம். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு மறுநாள் தவணை. மண்டிக்காரர் விலை குறைந்துவிட்டது என்கிறார்.

நேர்க்கூற்றில்:

"இன்னிக்கு ரேட்டு இறங்கிடுச்சும்மா, பதினெட்டுதான்" என்றார் மண்டிக்காரர். "நேத்து இருபத்தஞ்சுக்குப் போச்சே! நாளைக்குக் குழுவுக்கு நான் எப்படிக் கட்டுவேன்?" என்று பச்சையம்மா நினைத்தாள்.

அயற்கூற்றில்:

அன்று விலை இறங்கிவிட்டதாக மண்டிக்காரர் கூறினார். முந்தைய நாள் இருபத்தைந்து ரூபாய்க்கு விற்றதே என்றும், மறுநாள் குழுவுக்குத் தான் எப்படிப் பணம் கட்டுவது என்றும் பச்சையம்மா கவலைப்பட்டாள்.

கட்டற்ற அயற்கூற்றில்:

மண்டிக்காரர் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. ரேட்டு இறங்கிவிட்டதாம். நேற்று வரைக்கும் இருபத்தைந்துக்குப் போனது, இன்றைக்குப் பதினெட்டாம். ராத்திரியோடு ராத்திரியாக யார் இறக்கினார்கள்? நாளைக்குக் குழுவுக்கு எப்படிக் கட்டுவாள்? பச்சையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். காம்பு முள் குத்தின இடமெல்லாம் எரிந்தது.

மூன்றாவதில் "நினைத்தாள்" எங்கும் இல்லை. ஆனாலும் "யார் இறக்கினார்கள்?" என்று கேட்பது ஆசிரியர் அல்ல, பச்சையம்மா என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் நேர்க்கூற்றில் எழுதுங்கள்

நேராகக் கட்டற்ற அயற்கூற்றில் எழுத உட்கார்ந்தால், வருவது பெரும்பாலும் ஆசிரியரின் கருத்தாகவே இருக்கும். அதனால் பாத்திரம் தனக்குள் சொல்லிக்கொள்வதை, அவர் ஊர்ப் பேச்சிலேயே, "நான்" போட்டு, நான்கைந்து வாக்கியம் எழுதுங்கள். அந்த ஆள் அந்த இடத்தில் நிஜமாகவே சொல்லக்கூடியதா என்று இந்த நிலையிலேயே சோதித்துவிட வேண்டும். "விவசாயிகளின் உழைப்பு சுரண்டப்படுகிறது" என்று பச்சையம்மா மண்டி வாசலில் நின்று நினைக்கமாட்டாள். சாக்கு எடைக்கு எவ்வளவு கழிப்பார்கள், கூலி போக எவ்வளவு மிஞ்சும், பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் மனம் ஓடும்.

படி 2: பள்ளிக்கூட விதிகளில் இரண்டை மட்டும் செய்யுங்கள்

நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கப் பள்ளியில் ஒரு பட்டியலே படித்திருக்கிறோம். மேற்கோள் குறியை நீக்கு. நான் என்பது தான் ஆகும். இது என்பது அது. இன்று என்பது அன்று. நாளை என்பது மறுநாள். இங்கு என்பது அங்கு. கட்டற்ற அயற்கூற்றில் குறியை நீக்குங்கள், தன்மையைப் படர்க்கையாக்குங்கள், அதோடு நிறுத்துங்கள். இன்று, நாளை, இங்கே, இந்த எல்லாம் அப்படியே நிற்கட்டும். கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் நிற்கட்டும். "மறுநாள் குழுவுக்கு எப்படிக் கட்டுவாள்?" என்று ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். கேள்வி உடனே கதைசொல்லியின் வாய்க்குப் போய்விடும்.

படி 3: வினைமுற்றுகளைப் பிரித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் இந்த நடையை அடையாளம் காட்டுவதில் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நினைப்பையும் இறந்தகாலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். தமிழில் அந்தப் பழக்கம் இல்லை. எதிர்காலம் எதிர்காலமாகவே நிற்கும். நம் வாக்கியத்தில் ஆளைக் காட்டுவது வினைமுற்றின் விகுதி. "எப்படிக் கட்டுவேன்?" என்றால் அது தன்மையில் ஓடும் தனிமொழி. "எப்படிக் கட்டுவாள்?" என்றால் கட்டற்ற அயற்கூற்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. கட்ட வேண்டும், கட்ட முடியாது, கேட்கலாம், போதும், பிடிக்காது, இல்லை: இவற்றில் ஆள் விகுதியே கிடையாது. "நாளைக்குள் கட்ட வேண்டும். இந்தப் பணம் போதாது. யாரிடம் கேட்கலாம்?" என்ற மூன்று வாக்கியங்களும் நானுக்கும் பொருந்தும், அவளுக்கும் பொருந்தும். கதைசொல்லியிலிருந்து பாத்திரத்துக்கு மாறும் இடத்தில் இவற்றை வைத்தால் மாறியதே தெரியாது. ஆனால் தொடர்ந்து ஐந்தாறு வாக்கியம் இப்படியே போனால், கதை தன்மையிலா படர்க்கையிலா என்று வாசகர் தடுமாறுவார். மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறையாவது ‘-ஆள்’, ‘-ஆன்’, ‘-ஆர்’ விகுதி ஒன்று வந்துவிட வேண்டும்.

இரண்டு பெண்கள் இருக்கும் காட்சியில் "அவள்" யாரென்று குழம்பும். அங்கே "தான்", "தன்" உதவும். "தான் கேட்டால் மட்டும் கொடுத்துவிடுவாளா?" என்றால் கேட்கப்போகிறவள் நினைக்கிறவள், கொடுக்க வேண்டியவள் மற்றவள்.

படி 4: இடைச்சொற்களை அளந்து போடுங்கள்

தமிழில் மனத்தைத் திறந்து காட்டுவது பெரிய சொற்களைவிட வால்போல ஒட்டும் ஏ, ஓ, ஆ, ஆம், தான், தானே, கூட ஆகியவை. "வந்துவிட்டானோ" என்பதில் பயம். "சொல்லியிருக்கலாமே" என்பதில் வருத்தம். "இவனுக்குக்கூடவா" என்பதில் இளக்காரம்.

இவற்றுள் ‘ஆம்’ தனியாகக் கவனிக்க வேண்டியது. "பதினெட்டாம்" என்ற ஒரு சொல்லில் மூன்று பேர் இருக்கிறார்கள். சொன்னவர் மண்டிக்காரர். அதைக் கேட்டு நம்பாமல் தனக்குள் திருப்பிச் சொல்கிறவள் பச்சையம்மா. இரண்டையும் வாசகருக்குக் கொண்டுவருகிறவர் கதைசொல்லி. வேறு மொழியில் ஒரு வாக்கியம் செலவாகும் வேலையை ஓரசை செய்கிறது. ஆனால் ‘ஆம்’ போட்டால் நம்பிக்கைக் குறைவும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதை மறக்கக் கூடாது. மருத்துவர் சொன்ன நல்ல செய்தியைப் பாத்திரம் முழுதாக நம்புகிறது என்றால் அங்கே ‘ஆம்’ ஆகாது. "சரியாகிவிடுமாம்" என்று எழுதினால், சரியாகாது என்று பாத்திரம் பயப்படுவதாக வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஒரு வாக்கியத்துக்கு ஓர் இடைச்சொல் போதும். ஒரே பத்தியில் ஏழெட்டு ஓகாரம், ஏகாரம் வந்தால் பாத்திரம் புலம்புவதுபோல் ஆகிவிடும்.

படி 5: மரியாதையை யார் கொடுக்கிறார் என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். தமிழ் இங்கே கொடுக்கும் வசதி ஆங்கிலத்துக்குக் கிடையாது. கதைசொல்லி "மண்டிக்காரர் சொன்னார்" என்று எழுதுகிறார். அடுத்த வரி இது:

சாக்குக்கென்று ஒரு கிலோ கழிப்பான். ஏனென்று கேட்டால் அடுத்த வாரம் மூட்டையைத் தொடமாட்டான்.

‘ஆர்’ போய் ‘ஆன்’ வந்த அந்த நொடியில் பச்சையம்மாவின் மனத்துக்குள் நுழைந்துவிட்டோம். வேறு எந்த அடையாளமும் தேவையில்லை. அடுத்து "மண்டிக்காரர் ரசீதைக் கிழித்து நீட்டினார்" என்று ‘ஆர்’ திரும்பினால் வெளியே வந்துவிட்டோம். இதைத் தெரிந்து செய்தால் பலம். தெரியாமல் செய்தால் எழுத்துப்பிழை மாதிரி இருக்கும். கதைசொல்லி யார் யாருக்கு ‘ஆர்’ போடுகிறார் என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்து, ஒரு தாளில் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுமுறைச் சொற்களும் இப்படித்தான். கதைசொல்லி "குப்பம்மாள்" என்று அழைக்கும் மாமியாரை மருமகளின் நினைப்பில் "அத்தை" என்று எழுதினால் போதும். "அவளுடைய அத்தை" வேண்டாம்; "அவளுடைய" வந்ததும் கதைசொல்லியும் வந்துவிடுவார். வட ஆற்காட்டில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றும் பாட்டியை ஆயா என்றும் கூப்பிடுவார்கள். "நைனா இருந்திருந்தால் இந்த மண்டியில் மூட்டையை இறக்கவே விட்டிருக்கமாட்டார்." இந்த ஒரு வரியில் ஆள், ஊர், இழப்பு மூன்றும் வந்துவிடுகின்றன.

படி 6: பேச்சுத்தமிழ் எவ்வளவு?

நம் உரைநடை எழுத்துத்தமிழில், பாத்திரங்கள் நினைப்பது பேச்சுத்தமிழில். கட்டற்ற அயற்கூற்றில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்தித்தாக வேண்டும். ஒரே நினைப்பை மூன்று அளவில் பாருங்கள்.

"பிறகு வரச் சொல்வார்கள். வந்தால் இன்னும் இரண்டு ரூபாய் குறைந்திருக்கும்."

"அப்பால வரச் சொல்லுவார்கள். வந்தால் இன்னும் ரெண்டு ரூபாய் இறங்கியிருக்கும்."

"அப்பால வான்னு சொல்லுவானுங்க. வந்தா இன்னும் ரெண்டு ரூபா எறங்கிக் கெடக்கும்."

முதலாவதில் பச்சையம்மா இல்லை. மூன்றாவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துத்தமிழ்க் கதையின் நடுவில் வந்தால், மேற்கோள் குறி விடுபட்டுவிட்டதோ என்று வாசகர் தேடுவார். முழுக் கதையும் பேச்சுநடையில் இருந்தால் மட்டுமே அது நிற்கும். அப்போதும் கதைசொல்லிக்கும் பாத்திரத்துக்கும் உள்ள இடைவெளி மங்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் எழுத வேண்டும். தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவதே சரி. வினைமுற்று எழுத்துவடிவில் நிற்கட்டும். சொல் மட்டும் வட்டாரத்திலிருந்து வரட்டும். அப்பால, எத்தினி, மெய்யாலுமே, இன்னா போன்றவற்றில் பத்திக்கு ஒன்றிரண்டு போதும். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கதையில் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் ஆள் வந்தால், உறவுமுறைச் சொல்லையும் சலித்துக்கொள்ளும் சொல்லையும் மட்டும் அந்த மொழியில் வையுங்கள்.

எண்களையும் இப்படிப் பிரிக்கலாம். கதைசொல்லியின் தகவல் இலக்கத்தில், பாத்திரம் மனக்கணக்குப் போடுவது எழுத்தில். "பதினெட்டு" என்பது காதில் விழும் சொல்.

படி 7: நுழைவும் வெளியேற்றமும்

நினைப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயல் இருக்கட்டும்: மண்டிக்காரர் தலை தூக்கவில்லை. நினைப்பு மூன்று முதல் ஐந்து வாக்கியம். அதன்பின் மறுபடியும் உடம்பைத் தொடும் ஒரு செயல்: கையைத் துடைத்தாள். நினைப்பு இதைவிட நீண்டால், நடுவில் ஒரு சத்தமோ அசைவோ வைத்து இடத்தை நினைவுபடுத்துங்கள். ஒரு பத்திக்குள் ஒருவர் மனம்தான். மண்டிக்காரர் பக்கத்து நியாயத்தையும் காட்ட வேண்டுமென்றால் பத்தியை முறித்து, அவர் செய்யும் ஏதாவது ஒரு வேலையிலிருந்து ஆரம்பியுங்கள்.

மேற்கோள் குறியோ சாய்வெழுத்தோ போடாதீர்கள். போட்டால் அது மறுபடியும் நேர்க்கூற்றாகிவிடும்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

முதல் தவறு, பயந்துபோய்க் கடைசியில் "என்றெல்லாம் நினைத்தபடி நின்றாள்" என்று முடிப்பது. நான்கு வரியில் கட்டியதை அந்த ஒரு வரி கலைத்துவிடும். அடித்துவிடுங்கள். அடித்தபிறகு புரியவில்லை என்றால் கோளாறு முந்தைய வரிகளில். இடைச்சொல்லோ உறவுமுறைச் சொல்லோ போதவில்லை.

இரண்டாவது, பாத்திரத்துக்குத் தெரியாத சொல். எட்டாவது படிக்கும் பையனின் நினைப்பில் "நிச்சயமின்மை" வந்தால் அவன் மறைந்துவிடுவான். அதுபோலவே பாத்திரத்துக்குத் தெரியாத தகவலும். தனக்குத் தெரிந்ததையே பாத்திரம் தனக்குள் விளக்கிக்கொள்வதும் கூடாது. "குழு என்பது இருபது பெண்கள் சேர்ந்து நடத்துவது" என்று பச்சையம்மா ஏன் நினைக்கப்போகிறாள்? அந்த விளக்கம் கதைசொல்லியின் வாக்கியமாக முன்பே வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பிலிருந்து வருவது. ஆங்கிலத்தில் நினைப்பு இறந்தகாலத்தில் இருக்கிறதே என்று "நாளை திங்கட்கிழமையாக இருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் "நாளைக்குத் திங்கட்கிழமை" என்றால் முடிந்தது. "அவன் வருவான்" என்று நிற்க வேண்டியது "அவன் வருபவனாக இருந்தான்" ஆகிப்போகும். மூலத்தில் அது பாத்திரத்தின் நினைப்பா, நடந்த நிகழ்ச்சியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். நினைப்பென்றால், அந்த ஆள் தமிழில் நினைத்தால் எந்தக் காலத்தில் நினைப்பாரோ அதையே போடுங்கள்.

கதைக்கு வெளியே

கதையில் பலமாக இருக்கும் இந்த நடை, செய்தியில் ஆபத்து. "ஏரி தூர்ந்துவிட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை" என்று நிருபர் எழுதினால், அது விவசாயி சொன்னதா பத்திரிகை சொல்வதா? தமிழ்ச் செய்தித்தாள்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கின்றன. "அவர் கூறியதாவது:" என்று ஆரம்பித்து, பல வாக்கியங்களை "என்றார்" இல்லாமல் ஓடவிட்டு, "இவ்வாறு அவர் கூறினார்" என்று பூட்டிவிடுவார்கள். அந்தப் பூட்டு வாக்கியத்தை இடமில்லை என்று வெட்டாதீர்கள். வெட்டினால் கடைசிப் பத்தி பத்திரிகையின் கூற்றாகிவிடும்.

வரலாற்றுக் கட்டுரையிலும் அதே கவனம் வேண்டும். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பற்றி ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "நெற்றிக் குறியை அழிக்கச் சொல்கிறார்கள். தாடியை எடுக்கச் சொல்கிறார்கள். புதுத் தலைப்பாகையில் தோல். அடுத்து மதம் மாற்றுவதுதானே?" முதல் மூன்றும் ஆணைகளில் இருந்தவை. நான்காவது சிப்பாய்களின் அச்சம். நாவலில் நான்கும் இப்படியே ஓடலாம். கட்டுரையில் நான்காவதற்கு "என்று சிப்பாய்கள் அஞ்சினர்" கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அச்சம் சான்றாகிவிடும். 1857-இல் பாரிஸில் ‘மதாம் பொவாரி’ நாவலுக்காகப் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் நீதிமன்றத்தில் நின்றபோது, நாயகியின் மனக்களிப்பைச் சொல்லும் வரிகளை ஆசிரியரே ஒழுக்கக்கேட்டைப் புகழ்வதாக அரசு வழக்கறிஞர் வாதிட்டார். பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேர் விடுதலையானார். யார் கூற்று என்ற கேள்வி குற்றவியல் வழக்குவரை போகக்கூடியது.

வேலூர் மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுக்கு வாய்மொழி பெயர்க்கிறவர்கள் இந்த நடையை அறவே தவிர்க்க வேண்டும். "அவருக்கு மூன்று நாளாக வலி, பெரிய வியாதியாக இருக்குமோ" என்று சொன்னால், அந்த ‘ஓ’ நோயாளியுடையதா பெயர்ப்பவருடையதா என்று மருத்துவருக்குத் தெரியாது. நோயாளி சொன்னபடியே தன்மையில், "எனக்கு மூன்று நாளாக வலி, பெரிய வியாதியோ என்று பயமாக இருக்கிறது" என்று சொல்வதுதான் சரி.

மேடையில் நம் பக்கத்துத் தெருக்கூத்திலேயே இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. பழைய வட ஆற்காட்டில் இருந்த புரிசை போன்ற ஊர்களின் கூத்தில், திரைக்குப் பின்னால் நிற்கும் வேடக்காரர் தன் வேடத்தையே படர்க்கையில் பாடி அறிமுகம் செய்வார். ராஜன் வந்தான் என்று பாடுவதும் அவர், அந்த ராஜனும் அவர். படர்க்கைச் சொல்லில் பாத்திரத்தின் கர்வம் முழுதாக இருக்கும். எழுதுகிறவர்கள் ஓர் இரவு உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்பது நல்ல பயிற்சி.

பயிற்சி

காட்பாடி சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மகனை முதல்முறையாக வெளியூருக்கு அனுப்ப வந்த அப்பா என்று வைத்துக்கொள்ளலாம். 12 வாக்கியம். முதல் இரண்டு வெளியில் தெரிவது. அடுத்த ஐந்து அவர் நினைப்பு. "என்று" வரக் கூடாது. எட்டாவது ஒலிபெருக்கி அறிவிப்பு. ஒன்பது, பத்து மறுபடி நினைப்பு; அதில் ஒன்று ‘ஆம்’ ஏந்திய வாக்கியம். கடைசி இரண்டு செயல்.

எழுதியபின் இரண்டு சோதனை. நினைப்பு வரிகளில் அப்பாவைக் குறிக்கும் அவன், அவர் எல்லாவற்றையும் "நான்" ஆக்கி, விகுதியையும் மாற்றி, வாய்விட்டுப் படியுங்கள். அந்த அப்பா பேசுவதுபோல் இயல்பாக வந்தால் சரி. சொற்பொழிவுபோல் வந்தால் படி 1-க்குத் திரும்புங்கள். பிறகு கதையே தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, அப்பாவின் நினைப்பு எந்தச் சொல்லில் ஆரம்பிக்கிறது, எந்தச் சொல்லில் முடிகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு ஒரு வாக்கியம் முன்பின் ஆனால் பரவாயில்லை. மூன்று நான்கு வாக்கியம் தள்ளி விழுந்தால், அந்த இடத்து விகுதிகளையும் மரியாதைச் சொற்களையும் மட்டும் திருத்தி, வேறொருவரிடம் கொடுங்கள். முதலில் படித்தவருக்கு இப்போது விடை தெரியும்.